எலி தின்றும் சாகாத மாவு

கதவு சாத்திக்கொண்டபோது காற்று என்றுதான் இருவரும் நினைத்தார்கள். நாதாங்கி விழுந்தது. அடுத்து, பூட்டு வாயை மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"காத்துக்குப் பூட்டுப் போடவும் தெரியுமா அண்ணாச்சி?" என்றாள் லீலாபாய், இருட்டுக்குள்ளிருந்து.

துப்பறிவாளர் திரவியம் கதவண்டை போய்த் தோளைக் கொடுத்தார். கோட்டாற்றுச் சந்தையில் மூட்டை சுமந்து வளர்ந்த தோள் அது. பிடரிக்குக் கீழே இன்னும் காய்ப்பு இருந்தது. தேக்குக் கதவு அதைப் பொருட்படுத்தவில்லை.

"கத்திப் பாக்கட்டா?"

"பாரு."

லீலாபாய் கத்தினாள். வெளியே சாலைக்கடைத் தெருவில் கைவண்டிக்காரன் வழி கேட்டுக் கத்தினான், வாழைக்குலை ஏலம் போடுகிறவன் கத்தினான், லாரி ஒன்று ஹாரனை விடாமல் அமுக்கியது. அவள் குரல் அதில் கரைந்து போயிற்று.

"எக்ஸ்சேஞ்சுல இருந்தேன்னா, லைன் பிஸின்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாத்திருப்பேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். பெரிய அதிகாரி ஒருவர் மாமியாரிடம் கெஞ்சிப் பேசுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டதால் வேலை போயிற்று. கேட்ட எதையும் மறக்காதவள் என்பதால் திரவியம் அவளைத் துணைக்கு வைத்துக்கொண்டார். சிரிப்பும் கூடவே வந்துவிட்டது.

பகவதிப்பெருமாள் பிள்ளையின் அரிசிக் கிட்டங்கி அது. ஜன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் இரண்டு காற்றுத் துளைகள், அவற்றிலும் கம்பி. கூரை தகரம். மத்தியான வெயில் மேலே நின்றது; உள்ளே தவிட்டு வாடையும் சாக்கு வாடையும் மூச்சோடு ஒட்டிக்கொண்டன. முதலாளி நாகர்கோவிலில். கணக்குப்பிள்ளை நயினார் போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்லப் போயிருந்தார். அரிசி புடைக்கிற பெண்கள் கஞ்சி குடிக்க எழுந்த நேரம் பார்த்துத்தான் இருவரும் உள்ளே நுழைந்திருந்தார்கள்.

உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாத நாள் அது.

இந்தக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் ஐயப்பன் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஒழுகிக் கிடந்தான். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், மூத்திரத்தில் ரத்தம். ஊசி குத்திய இடம்கூட மூடவில்லை. விரியன் கடி என்று விஷமுறிவு போட்டுப் பார்த்தார்கள். உடம்பில் கடிவாயே இல்லை. அவன் பெண்டாட்டி முத்தாரம்மாள் இதே கிட்டங்கியில் அரிசி புடைக்கிறவள். அவள் இப்போது லாக்கப்பில் இருந்தாள். மாலைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிடுவார்கள். அவளை உள்ளே தள்ளியது வேறு யாருமில்லை, ஐயப்பன்தான். "எனக்கு மட்டும் ரொட்டி சுட்டுத் தந்தா. அவ ஒரு விள்ளல்கூட வாயில வைக்கல்ல" என்று படுத்த படுக்கையில் வாக்குமூலம் கொடுத்திருந்தான். அவள் அதை மறுக்கவில்லை. மாவு எங்கே வாங்கினாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மாவு ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. பசித்த வீட்டில் எப்படி மிச்சம் இருக்கும்.

முத்தாரம்மாள் லீலாபாய் குடியிருக்கும் சந்துக்காரி. காலையில் அவள் வீட்டில் லீலாபாய்தான் அரிசி புடைக்கும் சுளகை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். பின்னல் இடுக்கில் மஞ்சள் நிற மாவுப் பொடி. பொடியோடு நாலைந்து சாக்கு நார்.

"கடையில வாங்கின மாவுல சாக்கு நார் கெடக்குமா அண்ணாச்சி? இது தரையில கூட்டி எடுத்ததாக்கும்."

அந்த நாரைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்தார்கள். வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வெங்கடேஸ்வரன் தூங்காத கண்ணோடு நின்றார். கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், கையில் கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயப்பனின் ரத்தம் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

"பார்த்தேளா, உறையவே மாட்டேங்கறது. ரத்தம் உறையறதுக்கு ஈரல் ஒரு சரக்குத் தயார் பண்ணணும். அதுக்கு வைட்டமின் கே வேணும். கீரைல இருக்கு, பச்சை எலையில இருக்கு. குடல்லயும் கொஞ்சம் உண்டாறது. பொறந்த குழந்தைக்கு அது குறைச்சலா இருக்கும். காமாலைக்காரனுக்குப் பித்தம் எறங்காததால உடம்புல சேராது. இவன் ரெண்டும் இல்லையே. மூட்டை தூக்கற தடியன்."

"அந்த வைட்டமின் ஊசி உங்க கையில இருக்கா டாக்டர்?"

"பெரிய டாக்டர் அலமாரியில இருக்கு. அவர் விரியன்னே சாதிக்கறார். சாவியைக் கேட்டா, 'எந்தக் காரணத்துக்கு'ங்கறார். எனக்குச் சந்தேகம் இருக்கு, காரணம் இல்லே. காரணத்தைக் கொண்டுவாங்கோ. ராத்திரி தாண்டுவான்னு என்னால சொல்ல முடியாது."

அந்தக் காரணத்தைத் தேடி வந்தவர்கள்தான் இப்போது பூட்டுக்கு உள்ளே நின்றார்கள்.

"வந்த வேலையைப் பாப்போம்" என்றார் திரவியம். "கதவு தொறக்கிற நேரத்துக்குத் தொறக்கட்டும்."

தீக்குச்சி கிழித்தார். மூட்டை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து. சுவரோரம் தேங்காய்ச் சிரட்டைகள் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தன. ஒன்றின் அடியில் மஞ்சள் மாவு ஒட்டியிருந்தது.

லீலாபாய் விரலில் தொட்டு மோந்தாள். "மக்காச்சோளம். நம்ம ரேஷன்ல போட்டு வயித்தைக் கெடுத்தானே, அதே சாதி."

"இந்தக் கிட்டங்கிக்குச் சோளம் வாறதில்ல. அரிசி மட்டுந்தான். பின்ன சோளம் ஆருக்கு?"

"சிரட்டையில பரிமாறி வச்சிருக்கதைப் பாத்தா விருந்தாளி சின்ன ஆளு."

திரவியம் குனிந்து சாக்குகளைத் தடவினார். அடி மூட்டைகளில் எலி கடித்த பழைய ஓட்டைகள், நார் கறுத்திருந்தது. புதிய கடி ஒன்றுமில்லை. அவர் சுமை தூக்கிய காலத்தில் அரிசிக் கிட்டங்கியில் எலி காலை மிதித்துக்கொண்டு ஓடும். இங்கே இத்தனை நேரமாக ஒரு கீச்சொலி இல்லை.

"எலி இல்லாத அரிசிக் கிட்டங்கி பாத்திருக்கியா லீலா?"

"கடன்காரன் இல்லாத கல்யாண வீடு பாத்திருக்கேனா?" என்றவள் மூக்கைச் சுளித்தாள். "அண்ணாச்சி, இங்ஙன என்னமோ நாறுது. தவிடு இல்ல."

மூன்றாவது அடுக்கின் பின்னால் கிடந்தது. பெருச்சாளிக் குட்டி அளவு எலி, காய்ந்து கொண்டிருந்தது. கடி இல்லை, அடி இல்லை. மூக்கில் கறுத்த ரத்தம். திரவியம் குச்சியால் புரட்டினார். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதுவும் அப்படியே.

தீக்குச்சி விரலைச் சுட்டது. அவர் கையை உதறினார்.

"எலிக்கும் ஐயப்பனுக்கும் ஒரே நோவு" என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே முதலாளிகிட்டயாக்கும் வேலை பாத்தது" என்றாள் லீலாபாய். சொன்ன பிறகு அவளுக்கே அது சிரிப்பாக இல்லை. "அப்ப எலி விஷமா? முத்தாரம்மா போட்டதா?"

"எலி விஷம்னா தின்ன எடத்துலயே வாயைப் பொளந்து கெடக்கும். இது சிரட்டையை விட்டு எம்புட்டுத் தூரம் போயிருக்கு பாரு. தின்னுட்டுப் போயிருக்கு. மறுநாளும் வந்து தின்னிருக்கு. சிரட்டை காலியாற வரைக்கும் தின்னிருக்கு. பெறகு எப்பவோ வந்து இங்ஙன ஒதுங்கிச் செத்திருக்கு."

"ஆற அமரக் கொல்லுற விஷம்."

"அதை டாக்டர்கிட்டச் சொல்லணும். இப்பச் சொல்லணும்."

இருவரும் கதவைப் பார்த்தார்கள். அடியில் ஒரு கோடு வெளிச்சம். நிலைப்படி மூட்டை உரசி உரசி நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் வெளிச்சம் மறைந்தது, திரும்ப வந்தது, மறைந்தது.

வெளியே ஆள்.

திரவியம் சத்தமில்லாமல் போய்த் தரையில் குந்தினார். தேய்ந்த பள்ளத்தில் சேலை ஓரமும் இரண்டு பாதங்களும் தெரிந்தன. மெட்டி இல்லை. வெடித்த குதிகால், விரலிடுக்கில் தவிடு.

"நயினார் பிள்ளை செருப்புப் போடுவாரு" என்று லீலாபாய் காதோடு சொன்னாள். "இது உழைக்கிற சாதி காலு."

"அம்மா" என்றார் திரவியம் கதவைப் பார்த்து. "பூட்டினது நீங்களா?"

பாதங்கள் அசையவில்லை.

"காலு தெரியுது அக்கா" என்றாள் லீலாபாய். "வாயையும் கொஞ்சம் காட்டுங்க."

குரல் வந்தது. முதிர்ந்த பெண் குரல், தாழ்வாக. "நயினார் பிள்ளை வந்து தொறப்பாரு. சத்தம் போடாம இருங்க. நான் இங்ஙன வரவே இல்ல."

"நாங்க ஆருன்னு நெனச்சீக?"

"ரேஷன் ஆப்பீசரு. பெறகு ஆரு குனிஞ்சு குனிஞ்சு தரையைப் பாப்பா? அவரு செருப்பைப் பாத்தாலே தெரியுதே."

"அந்தச் செருப்பா?" என்றாள் லீலாபாய். "அதுக்கு வாரைவிட ஊசிதான் கூடுதல். இவரை ஆப்பீசர்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். உள்ள விளக்கு இல்லாததால மொகம் செவக்கிறது தெரியல்ல."

வெளியே சிரிப்பு வரவில்லை. ஆனால் கால்கள் போகவும் இல்லை.

திரவியத்துக்குப் பாதி விளங்கிவிட்டது. சிந்தல் விஷயம் அவருக்குத் தெரியும். எந்தச் சந்தையிலும் உள்ளதுதான். மூட்டை இறக்கும்போதும் புடைக்கும்போதும் தரையில் விழுந்த தானியம் முதலாளிக்கு இல்லை, கூட்டுகிறவளுக்கு. கூலி பற்றாததற்கு அது வழக்கம். இந்த வருஷம் அரிசிக் கட்டுப்பாட்டில் தரையில் கிடப்பதும் சர்க்கார் தானியம்தான் என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். நேற்று வரை வழக்கம், இன்று திருட்டு. வயிறு மட்டும் மாறவில்லை. ஆப்பீசர் தேடி வருமுன் சிந்தலை ஒளிக்க நேரம் வேண்டும், அதற்குத்தான் இந்தப் பூட்டு.

"அம்மா, சிந்தல் எடுத்ததுக்கு உங்களைப் பிடிக்க வரல்ல. முத்தாரம்மாளை வெளியே எடுக்க வந்திருக்கேன். உங்க பேரு?"

"பேரு எதுக்கு?"

"முத்தாரம்மா எங்க சந்தாக்கும்" என்றாள் லீலாபாய். "என் வீட்டுக் கிணத்துலதான் தண்ணி கோருவா. அவ வாயைத் திறக்காததுக்குக் காரணம் நீங்கதானா அக்கா?"

வெளியே மூச்சு இழுபட்டது. "பிச்சம்மா" என்றது குரல். "அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லாதேன்னு சொல்லல்ல. அவளா வாயை மூடிட்டா. சொன்னா எல்லாத்துக்க வயித்திலயும் அடிக்குமே."

"அந்த மஞ்சள் மாவு சிந்தலா?"

"தரை தொட்டது எங்களுக்கு. அதுதான் மொறை."

"சோளம் தரைக்கு எப்படி வந்துது?"

பிச்சம்மாள் சொன்னது துண்டு துண்டாக வந்தது. லாரி ஒன்று போகும்போது நிறுத்தி, போன பிறகு தொடர்ந்தாள். எலிக்கு என்று நயினார் பிள்ளை பம்பாயிலிருந்து அரை மூட்டை மாவு வரவழைத்தார். சிரட்டையில் வைக்கச் சொன்னார். வைத்தாள். எலி வந்து தின்றது. மறுநாளும் தின்றது. அதற்கு மறுநாள் குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் சாகவில்லை. பம்பாய்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நயினார் பிள்ளை ஏசினார். தூர வாரிக் கொட்டு என்றார்.

"கொட்டினேன்" என்றாள். "கிட்டங்கித் தரையில கொட்டினேன். பெறகு கூட்டினேன்."

லீலாபாய் திரவியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல மாவு" என்றது குரல் வெளியிலிருந்து. "வெஷம்னா எலி சாவும்லா? எலி தின்னு தின்னு கொழுத்துது. எலிக்கு ஆகிறது எங்களுக்கு ஆவாதா? கருக்கா நெல்லைப் பொறுக்கித் தின்கிற காலத்துல அரை மூட்டை மாவை ஓடையிலயா கொட்டுவா?"

"எலி செத்துது பிச்சம்மா" என்றார் திரவியம். "மூட்டைக்குப் பொறத்தால கெடக்கு. மெள்ளச் செத்திருக்கு. மூக்குல ரத்தம்."

வெளியே பாதங்கள் ஓரடி பின்வாங்கின.

"மாவு எத்தனை பேருக்குப் போச்சு?"

"எங்களுக்குள்ள மொறை உண்டு. ஒரு வாரத்துச் சிந்தல் ஒருத்திக்கு. போன வாரம் அவ மொறை. புருசன் வெறும் மரச்சீனிக் கிழங்கு தின்னுட்டுச் சுமடு எடுக்கான்னு அழுதா. அளந்து குடுத்தேன்."

ஏன் ஒரே ஒரு வீடு என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. அந்த வீட்டில் ஏன் ஒரே ஒரு ஆள் என்பதும் அதனோடு விழுந்தது. அளந்து கொடுத்த மாவு கொஞ்சம்தான், மூட்டை தூக்குகிறவனுக்கு ரொட்டி, அவளுக்கு மரச்சீனி. அவன் அதைத்தான் போலீசுக்குச் சாட்சியமாகக் கொடுத்திருந்தான்.

லீலாபாய் கேட்டாள். திரவியம் கேட்கத் தயங்கியதை அவள்தான் கேட்டாள். "இந்த வாரம் ஆருக்க மொறை அக்கா?"

பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"எனக்க மொறை."

"வீட்டுல ஆரு திங்கா?"

"மவ வந்திருக்கா. தலைப்பேறு. மாசம் நிறைஞ்சாச்சு. நல்ல தீனி குடுக்கணும்லா. அவளுக்குத்தான் சுட்டுக் குடுக்கேன்." பிச்சம்மாள் குரல் இறங்கியது. "ரெண்டு நாளாப் பல்லு வெளக்கச்சே ரத்தம் வருது. பிள்ளைத்தாச்சிக்கு வரும்னு நானாக்கும் சொன்னேன். வரும்லா? பிள்ளைத்தாச்சிக்கு வரும்லா?"

வரும். எத்தனையோ பேருக்கு வருவதுதான். அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் கடந்திருக்கும். திரவியம் சொல்லவில்லை.

"ஐயப்பனுக்கும் மொதல்ல பல்லுல இருந்துதான் வந்துது" என்றார். "கதவைத் தொறங்க."

"சாவி இல்ல."

"என்னது?"

"அமுக்கினா பூட்டிக்கிற பூட்டு. சாவி நயினார் பிள்ளைக்க மடியில."

லீலாபாய் சுவரில் சாய்ந்தாள். "மூளை மட்டும் உள்ள, காலு மட்டும் வெளிய. நல்ல கூட்டு" என்றாள்.

திரவியம் மேல் துண்டை விரித்தார். சிரட்டைகளைச் சுரண்டி மாவைச் சேர்த்து ஒரு முடிச்சு. எலியை வாலில் தூக்கிச் சாக்குத் துணியில் சுற்றி இன்னொரு முடிச்சு. தேய்ந்த நிலைப்படிப் பள்ளத்தில் வைத்து வெளியே தள்ளினார். எலி முடிச்சு பாதி வழியில் சிக்கிக்கொண்டது. லீலாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலால் உதைத்தாள். போயிற்று.

"மவளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெங்கடேஸ்வரன் டாக்டர்கிட்ட இது ரெண்டையும் குடுங்க. எலிக்கு வச்ச மாவு, அதைத்தான் ஐயப்பன் தின்னான், மவளும் தின்னது அதுதான்னு சொல்லுங்க."

"நானா?"

"வேற ஆளு இல்ல."

"சொன்னா என்னைப் பிடிப்பாங்களா?"

லீலாபாய் வாயைத் திறந்தாள். திரவியம் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"பிடிச்சாலும் பிடிப்பாங்க" என்றார். "பிடிக்க மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். என்னால முடிஞ்சதைச் செய்வேன். ஆனா இப்ப நான் உள்ள கெடக்கேன்."

முடிச்சுகள் இரண்டும் வெளிச்சத்திலிருந்து நகர்ந்தன. பாதங்கள் கொஞ்சம் நின்றன. பிறகு பள்ளத்தில் வெறும் வெளிச்சம்.

"பொய் சொல்லியிருக்கலாம்" என்றாள் லீலாபாய்.

"சொல்லியிருக்கலாம்."

"அவ ஆஸ்பத்திரிக்குப் போனாளா, ஓடையில எறிஞ்சுட்டு மவளைக் கூட்டிட்டு ஊரைப் பாக்கப் போனாளா?"

"தெரியல்ல."

"துப்பறிவாளர்னு போர்டு வச்சிருக்கோம் அண்ணாச்சி."

"போர்டு வெளிய இருக்கு."

காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. திரவியம் மூட்டைகளை இழுத்துப் படியாக அடுக்கிக் காற்றுத் துளை வரை ஏறினார். கம்பி வழியாக அடுத்த கிட்டங்கியின் சுவர்தான் தெரிந்தது. கதவுக்கீலைக் குடைந்து பார்த்தார், பேனாக்கத்தி முனை ஒடிந்தது. மறுபடி தோளைக் கொடுத்தார். மறுபடி. லீலாபாய் கதவைச் செருப்பால் அடித்து, எக்ஸ்சேஞ்சில் கற்ற எல்லா மொழியிலும் கூப்பிட்டாள். தெருவில் யாரோ நின்று கேட்டுவிட்டு, கிட்டங்கிக்குள் எலி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் இல்லை. வெளிச்சக்கோடு தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மங்கிற்று. மாஜிஸ்திரேட் கோர்ட்டு கலையும் நேரம் ஆகியிருக்கும். லீலாபாய் ஜோக் சொல்வதை நிறுத்தியிருந்தாள். அதுதான் திரவியத்துக்குத் தாங்கவில்லை.

பூட்டில் சாவி நுழைந்தது.

கதவு திறந்தபோது வெளியே நயினார் பிள்ளை, அவருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் கையில் ஒன்றுமில்லாமல் பிச்சம்மாள். ஒல்லியாக, நரைத்த தலையோடு, நெடுநெடுவென்று இருந்தாள். காலைத்தான் அவர்களுக்குத் தெரியும். முகத்தை இப்போதுதான் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்றாள் லீலாபாய்.

"மவளை அங்ஙன விட்டுட்டேன். டாக்டர் ஊசி எடுக்க ஓடினாரு. நான் நேரா ஸ்டேஷனுக்குப் போனேன்." பிச்சம்மாள் இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் சொன்னாள். "முத்தாரம்மாவைக் கோர்ட்டுக்கு வண்டி ஏத்திட்டு இருந்தாங்க. மாவு நான் குடுத்ததுன்னு சொன்னேன். எறக்கிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "டாக்டர் ஆளனுப்பி விவரம் பறஞ்ஞு. விஷக் கேஸ் தீர்ந்து. பக்ஷே திரவியம், தானியக் கேஸ் ஒண்ணு பாக்கி உண்டல்லோ. இந்த நயினார் பிள்ளை பராதி தராம்னு சொல்லுது."

"திருட்டுத்தானே சார்" என்றார் நயினார். "கிட்டங்கிச் சாமானை வீட்டுக்குக் கொண்டு போயிருக்காளுக."

"குடுங்க பிள்ளைவாள்" என்றார் திரவியம். தொண்டை வறண்டு குரல் கரகரத்தது. "விவரமாக் குடுங்க. எலிக்கொல்லி வரவழைச்சது ஆரு, விஷம்னு ஒரு வார்த்தை சொல்லாம பொம்பளைக கையில குடுத்தது ஆரு, வாரிக் கொட்டுன்னது ஆரு. கோர்ட்டுல வக்கீல் அதை மொதல்ல கேப்பான். முதலாளி நாகர்கோவில்ல இருந்து வந்து ரெண்டாவது கேப்பாரு."

நயினார் பிள்ளை சாவியை மடியில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். "நான் வெஷம்னு நெனைக்கல்ல" என்றார். "எலி சாவல்லியே."

"அவளும் அதைத்தான் சொன்னா."

திருட்டுப் புகார் எழுதப்படவில்லை.

ஐயப்பனுக்கு அந்த ராத்திரி இரண்டு தடவை ஊசி போட்டு, ஒரு பாட்டில் ரத்தமும் ஏற்றினார்கள். மறுநாள் காலை டாக்டர் வெங்கடேஸ்வரன் கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ரத்தம் விழவில்லை. உள்ளே ஜெல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

"பெரிய டாக்டர் எலியைப் பார்த்ததும் சாவியைக் குடுத்துட்டார்" என்றார். "அமெரிக்காவில கெட்டுப்போன தீவனத்தைத் தின்ன மாடெல்லாம் ரத்தம் கொட்டிச் செத்துதாம். ஏன்னு தேடப்போய் இந்த எலி மருந்தைக் கண்டுபிடிச்சிருக்கா. வைட்டமின் கேயை ஈரல்ல வேலை செய்ய விடாது. கையிருப்புல இருக்கற சரக்கு தீர நாளாகும், அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் எலிக்குச் சந்தேகமே வரல்லே. நமக்கும் வரல்லே."

"பிச்சம்மாளுக்க மவ?" என்றாள் லீலாபாய்.

"நல்லவேளை, கொஞ்ச நாள்தான் சாப்பிட்டிருக்கா. ஊசி போட்டாச்சு. குழந்தை பொறந்ததும் அதுக்கும் ஒண்ணு போடணும். இப்பத்தான் வலி கண்டிருக்கு. பொறந்தப்பறம்தான் எதுவும் சொல்ல முடியும்."

முத்தாரம்மாள் வந்தாள். லாக்கப்பில் கிடந்த சேலை, கலைந்த தலை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். உட்காரவில்லை. ஐயப்பன் விழித்திருந்தான். உதட்டோரம் உலர்ந்த ரத்தம் கறுத்திருந்தது.

"நீ இத்தனை நாளும் என்னம்மா சாப்பிட்டே?" என்று டாக்டர் கேட்டார்.

"மரச்சீனி. முருங்கை எலையை அவிச்சு உப்புப் போட்டு."

"அதைத்தான் இவனுக்கும் குடுக்கணும். முருங்கைக் கீரையில இந்த கே நெறைய."

"எனக்கு ஏன் தரல்ல?" என்றான் ஐயப்பன். குரல் எழவில்லை, உதடுதான் அசைந்தது.

"மூட்டை தூக்கப் போற ஆளுக்கு எலையையா அவிச்சுக் குடுப்பேன்? நல்லதைத்தான் உமக்குத் தந்தேன்."

அவன் கூரையைப் பார்த்தான். "போலீசுகாரன் கேட்டான். நான் உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதுதான். நான் திங்கல்லதான்" என்றாள் முத்தாரம்மாள். "ஏன் திங்கல்லன்னு நீரு ஒரு நாளும் கேக்கல்லியே. போலீசுகிட்டயாக்கும் மொதல்ல சொன்னது."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பிச்சம்மாக்காவுக்க மவளுக்கு வலி வந்திருக்கு. அங்ஙன ஆளு வேணும். நான் போறேன்."

போய்விட்டாள். வராந்தாவில் அவள் நடை கேட்டது, பிரசவ வார்டுப் பக்கம் திரும்பியது.

ஐயப்பன் கண்ணை லீலாபாய் பக்கம் ஓட்டினான். "அவ திரும்பி வருவாளா?"

"போலீசுக்கு ஒரு வாக்குமூலம் குடுத்தீருல்லா" என்றாள் லீலாபாய். "அதே மாதிரி அவளுக்கும் ஒண்ணு குடும். படுத்துட்டே குடுக்கலாம்."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். ரத்தம் ஏற்றிய கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பலகை கட்டிலோடு கட்டியிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது.